கொழும்பின் தாங்குநேரம்: யாரும் கூட்டிப் பார்க்காத மணிக்கணக்கு

அனர்த்த முகாமைத்துவ நிலையம், இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு, தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு, கொழும்பு மாநகர சபை ஆகியவற்றின் பொறுப்பதிகாரிகளுக்கு

மதிப்புக்குரியோரே,

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல். பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டு, நாடு முழுவதும் கரண்ட் போனது. நுரைச்சோலையின் 300 மெகாவாட் அலகுகள் மூன்றும் நின்றுவிட்டதால் அடுத்து வந்த நாட்களிலும் ஒன்றரை மணிநேரச் சுழற்சி மின்வெட்டு வந்தது. அதற்கு முன் 2016 மார்ச்சில் பியகம, 2020 ஆகஸ்ட் 17இல் கெரவலப்பிட்டி, 2021 டிசம்பர் 3இலும் 2023 டிசம்பர் 9இலும் கொத்மலை–பியகம மின்வழி. ஒவ்வொரு முறையும் மின்கட்டமைப்பு ஏன் விழுந்தது என்று நாடே பேசியது. மின்சாரத்தை நம்பியிருக்கும் தண்ணீர், தொலைபேசி, வெள்ள வடிகால், வைத்தியசாலை எல்லாம் எத்தனை மணிநேரம் தாக்குப்பிடித்தன, எது முதலில் கைவிட்டது, ஏன் என்ற பேச்சு மட்டும் அடங்கிப் போகிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறோம்.

முதலில் ஒரு சொல்லை வரையறுத்துக்கொள்கிறோம். வெளியிலிருந்து வரும் ஒரு பொருள் நின்றபின் ஒரு நிலையம் எத்தனை மணிநேரம் தன் வேலையைச் செய்யும்? அதுவே அதன் தாங்குநேரம். மின்சாரத்துக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று, டீசலுக்கு ஒன்று, தொடர்புக்கு ஒன்று என்று ஒரே நிலையத்துக்குப் பல தாங்குநேரங்கள் இருக்கும். ஒவ்வொரு நிறுவனமும் தன்னுடையதை ஏறக்குறைய அறிந்துதான் வைத்திருக்கிறது. ஆனால் அந்தக் கணக்குக்குள் மற்றவர் இயங்கிக்கொண்டிருப்பார் என்ற எண்ணம் புதைந்திருக்கிறது. நீரேற்று நிலையம் டீசல் பவுசரை நம்புகிறது. டீசல் களஞ்சியத்தில் பவுசரை நிரப்பும் பம்பி மின்சாரத்தை நம்புகிறது. பவுசர் சாரதியை அழைக்கும் தொலைபேசி, பற்றரியில் ஓடும் கோபுரத்தை நம்புகிறது. அந்தக் கோபுரத்தின் மின்பிறப்பாக்கி அதே பவுசரை எதிர்பார்த்து நிற்கிறது.

தண்ணீரிலிருந்து தொடங்குகிறோம். நகரத்தின் பெரும் பகுதிக்குக் குடிநீர் களனி கங்கைக் கரையிலுள்ள அம்பத்தளையிலிருந்து பம்பி மூலமே வருகிறது. 1,000 கன மீற்றர் நீரை 50 மீற்றர் உயரத்துக்கு ஏற்ற, பம்பியும் மோட்டாரும் சேர்ந்து 70 வீதத் திறனில் இயங்கினால், சுமார் 195 அலகு மின்சாரம் தேவை. நல்ல நிலையிலுள்ள டீசல் மின்பிறப்பாக்கி ஓர் அலகுக்கு 0.27 லீற்றர் அளவில் குடிக்கும். அதாவது 1,000 கன மீற்றருக்கு ஏறக்குறைய 53 லீற்றர், ஒரு இலட்சம் கன மீற்றருக்கு 5,300 லீற்றர். நாளுக்கு ஒரு இலட்சம் கன மீற்றர் ஏற்றினால், 13,200 லீற்றர் பவுசர் ஒன்று இரண்டரை நாளுக்கு வரும். கணக்கு பயமுறுத்தும் கணக்கே அல்ல. அந்தப் பவுசர் யாருடையது, எங்கே நிரப்பும், எந்த வீதியால் வரும், அந்த வீதி வெள்ளத்தில் மூழ்கினால் எது மாற்றுவழி என்று முன்கூட்டியே எழுதி வைக்காததுதான் பயம் தருகிறது.

மூன்று மணிநேர மின்தடை ஏன் ஒரு நாள் தண்ணீர்த் தடையாக நீளுகிறது என்று மக்கள் கேட்கிறார்கள். பதில் குழாய்க்குள் இருக்கிறது. நொடிக்கு 1 மீற்றர் வேகத்தில் ஓடும் நீர் பெரிய இரும்புக் குழாயில் சட்டென நின்றால் எழும் அழுத்த அலை ஏறக்குறைய 100 மீற்றர் நீருயரத்துக்குச் சமம், அதாவது 10 பார். பம்பிக்கு மின்சாரம் அறுந்த கணமே அதன் முன்னுள்ள குழாயில் முதலில் அழுத்தம் சரியும். பின்பு அலை திரும்பி வந்து மூடிய தடுப்பு வால்வில் மோதும். அலையடக்கும் கலத்தில் காற்று சரியான அளவில் இல்லாவிட்டாலோ, காற்று வால்வுகள் துருவேறி இறுகியிருந்தாலோ பழைய இணைப்புகள்தான் விலை கொடுக்கும். கரண்ட் வந்தபின் வெற்றுக் குழாயை அவசரப்பட்டு நிரப்பவும் முடியாது. நொடிக்கு 0.3 மீற்றர் வேகத்தைத் தாண்டாமல், காற்று வெளியேற இடம் விட்டு நிரப்ப வேண்டும். இல்லையேல் அடைபட்ட காற்றே குழாயை உடைக்கும். ஆகவே மேடான இடங்களுக்கும் வலையமைப்பின் கடைக்கோடிக்கும் தண்ணீர் கடைசியில்தான் போய்ச் சேரும்.

இதைவிடக் கவனிக்க வேண்டியது அழுத்தம் இல்லாத அந்த மணிநேரங்கள். கசியும் குழாய் அழுத்தம் இருக்கும்போது வெளியே கசியும், அழுத்தம் போனால் உள்ளே இழுக்கும். அதே நேரம் கழிவுநீரேற்று நிலையங்களும் நின்றிருக்கும். சேகரிப்புக் கிணறு நிரம்ப நீண்ட நேரம் எடுக்காது. சிறியவற்றில் ஒரு மணிநேரத்துக்குள் கழிவுநீர் கால்வாய்க்கோ வீதிக்கோ வழியும். வெள்ளவத்தையிலும் முகத்துவாரத்திலும் கடலுக்குத் தள்ளப்பட வேண்டிய கழிவுநீர், குடிநீர்க் குழாய் புதைந்திருக்கும் அதே மண்ணில் தேங்கும்போது அந்தக் குழாயில் உள்ளே இழுக்கும் எதிரழுத்தம் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. விநியோகம் திரும்பியதும் முனைக்குழாய்களைத் திறந்து கழுவிவிட்டு, மீதிக் குளோரின் லீற்றருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்க்காமல் "தண்ணீர் வந்துவிட்டது" என்று அறிவிக்கக் கூடாது. தண்ணீரும் கழிவுநீரும் வெவ்வேறு நிறுவனங்களின் கையில் இருக்கும் நகரத்தில் இந்த இரண்டு தாங்குநேரங்களையும் ஒரே தாளில் எழுதினால்தான் இந்த ஆபத்தே கண்ணுக்குத் தெரியும்.

இங்கே நமக்கு ஒரு பெரும் கொடையும் இருக்கிறது. லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்து வரும் நீர் புவியீர்ப்பால் வருகிறது. லபுகமவிலிருந்து கொழும்புக்கு 19ஆம் நூற்றாண்டிலேயே குழாய் போட்டவர்கள் மின்சாரத்தை நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள். நாடு முழுக்க இருண்டாலும் அந்த நீர் இறங்கிக்கொண்டே இருக்கும். எந்த வால்வைத் திறந்து எதை மூடினால் அந்த நீரை எந்த வைத்தியசாலை வாசல் வரை கொண்டுபோகலாம் என்பது அனுபவமுள்ள வால்வு ஊழியர்களின் நினைவில் இருக்கலாம். அவர்கள் ஓய்வுபெறுவதற்கு முன் அது வரைபடத்தில் ஏற வேண்டும். வால்வு இலக்கம், சுற்றுகளின் எண்ணிக்கை, திறக்க எத்தனை பேர், எத்தனை நிமிடம் என்பது வரை.

ஆற்றிலும் ஒரு முடிச்சு உண்டு. வறண்ட மாதங்களில் களனியில் ஓட்டம் குறையும்போது கடல்நீர் அம்பத்தளை வரை ஏறிவரும். அதற்குத்தான் உவர்த்தடுப்பு. அந்த ஓட்டத்தில் ஒரு பங்கு மேலே காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களிலிருந்து லக்சபான மின்நிலையங்கள் வழியாக இறங்கும் நீர். இரவு உச்ச நேரத்துக்காக நீரைத் தேக்கி வைக்கும் முடிவு மின்சாரக் கணக்கில் சரியாக இருக்கலாம். கீழே அது குடிநீரின் உப்புக் கணக்காக மாறுகிறது. கோடையில் இந்த இரு கட்டுப்பாட்டு அறைகளும் நாளாந்தம் ஒரே அட்டவணையைப் பார்க்க வேண்டும்.

அடுத்து, மாற்று மின்சாரம் இருக்கிறது என்று நம்பப்படும் இடங்கள். ஒரு சாதாரண அமைப்பை எடுத்துக்கொள்வோம்: 400 கிலோவாட் மின்பிறப்பாக்கி, 300 கிலோவாட் சுமை, மணிக்கு ஏறக்குறைய 80 லீற்றர். பக்கத்தில் 1,000 லீற்றர் நாள்தாங்கி, முற்றத்தில் 5,000 லீற்றர் பெருந்தாங்கி. தாளில் இதன் தாங்குநேரம் 75 மணி. இப்போது பெருந்தாங்கியிலிருந்து நாள்தாங்கிக்கு டீசல் ஏற்றும் சிறு பம்பியைப் பாருங்கள். அரைக் குதிரைவலு மோட்டார், ஒரேயொரு 16 அம்பியர் பிரேக்கர். அந்தப் பிரேக்கர் அவசர மின்பலகையில் இல்லாமல் முற்றத்து விளக்குகளோடு சாதாரண மின்பலகையில் இருந்தால், கரண்ட் போனதும் அந்தப் பம்பியும் நின்றுவிடும். மின்பிறப்பாக்கி நாள்தாங்கியில் உள்ளதைக் குடித்து முடித்துப் பன்னிரண்டரை மணிநேரத்தில் ஓயும். முற்றத்தில் 5,000 லீற்றர் டீசல் அப்படியே கிடக்கும். இது அரிதான குறை அல்ல. கட்டடம் கட்டி முடிந்தபின் தனியாகப் பொருத்தப்பட்ட மின்பிறப்பாக்கிகளில் முதலில் தேட வேண்டிய குறையே இதுதான். அதே பலகையில் தொடக்கப் பற்றரியின் சார்ஜரும், அறையின் காற்றோட்ட விசிறியும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

மாதாந்தச் சோதனை இதைக் காட்டிக்கொடுக்காது. சோதனைப் பொத்தானை அழுத்தினால் இயந்திரம் சுமையின்றி அரை மணிநேரம் ஓடும், பதிவேட்டில் சரி என்று விழும். தானியங்கி ஆளி மாறியதா, பம்பி ஏற்றியதா, அறை சூடேறியதா எதுவும் தெரியாது. போதாததற்கு, 30 வீதத்துக்குக் குறைந்த சுமையில் அடிக்கடி ஓடும் டீசல் இயந்திரத்தில் எரியாத எண்ணெயும் கரியும் படிந்து, உண்மையான சுமை வரும் நாளில் அது திணறும். சோதனை என்றால் பிரதான பிரேக்கரைத் திறந்து, உண்மைச் சுமையோடு குறைந்தது 4 மணிநேரம் ஓட்டி, நாள்தாங்கி ஒரு தடவையாவது தானாக மீண்டும் நிரம்புவதைக் கண்ணால் பார்ப்பது. தாங்கியின் அடியில் தேங்கும் நீரை வடித்துவிடுவதும் அதோடு சேரும். எங்கள் ஈரக் காற்றில் டீசல் தாங்கிக்குள் நீர் சேர்வதும், அதில் கிருமி வளர்ந்து வடிகட்டி அடைவதும் வழமை.

இந்த இடத்தில் 2022ஐ நினைவூட்டுகிறோம். மார்ச் இறுதியில் 13 மணிநேர மின்வெட்டு வந்ததற்குக் காரணம் எரிபொருள் தட்டுப்பாடு. மின்நிலையங்களை நிறுத்திய அதே தட்டுப்பாடு மாற்று மின்பிறப்பாக்கிகளையும் வறட்டியது. முதன்மை வழியும் மாற்று வழியும் ஒரே பொருளைக் குடித்தால் அதை மாற்று என்று கணக்கில் எழுத முடியாது. எரிபொருள் நிரப்பும் செட்டுகளின் பம்பிகளும் மின்சாரத்தில்தான் இயங்குகின்றன. எந்தெந்தச் செட்டுகளில் மின்பிறப்பாக்கி உண்டு, அவற்றில் எவை வெள்ளத்தில் மூழ்காதவை என்ற பட்டியல் ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் இருக்க வேண்டும். கொலன்னாவை எண்ணெய்க் களஞ்சியத்தின் சுற்றுப்புறம் 2016 மே வெள்ளத்தில் எப்படி இருந்தது என்பதைக் கண்டவர்கள் நீங்கள். களனி பெருகும் வாரத்தில் கொலன்னாவையை மட்டும் நம்பாமல் முத்துராஜவெலவிலிருந்து வரும் வழியையும் தாளில் எழுதுங்கள்.

தொலைத்தொடர்பில் கணக்கு நுணுக்கமானது. கோபுரங்களின் 48 வோல்ற் பற்றரிகள் புதிதாக வாங்கும்போது 8 மணிநேரம் தரலாம். ஈய அமிலப் பற்றரியின் ஆயுள் 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஏறக்குறையப் பாதியாகும். கொழும்பு வெயிலில் தகரப் பெட்டிக்குள் இருக்கும் பற்றரிக்கு மூன்று வருடம் கழித்தும் 8 மணி என்று எழுதக் கூடாது. உண்மைச் சுமையில் இறக்கி, 24 கலங்களின் கூட்டு 43.2 வோல்ற்றைத் தொடும் நேரத்தை அளந்து அதை எழுத வேண்டும். பெரிய பரிமாற்ற நிலையங்களில் பற்றரிக்கு முன் தோற்பது குளிரூட்டியே. கருவிகள் பற்றரியில் ஓடிக்கொண்டிருக்கும், குளிரூட்டி பற்றரியில் இராது. அறை சூடேறி, பற்றரியில் இன்னும் பாதி மீதமிருக்கும்போதே கருவிகள் தம்மைத் தாமே நிறுத்திக்கொள்ளும். ஆகவே அறையின் தாங்குநேரம் பற்றரியின் மணிக்கணக்கு அல்ல, வெப்பமானியின் மணிக்கணக்கு. குளிரூட்டி நீரால் குளிர்விக்கப்படும் வகை என்றால் அந்த அறை மாநகரத்துத் தண்ணீரையும் நம்புகிறது என்று பொருள்.

கோபுரங்கள் அணைந்ததும் இழப்பு தொலைபேசியோடு நிற்பதில்லை. நீர்த்தாங்கிகளின் மட்டத்தைக் காட்டும் தொலையளவிகளில் சிம் அட்டையில் இயங்குபவை குருடாகும். மோட்டார் சைக்கிளில் ஆளை அனுப்பித்தான் மட்டம் பார்க்க வேண்டிவரும். மின்வழி சீர்செய்யும் குழுக்கள் கைத்தொலைபேசியிலேயே பேசினால், எந்த வழிக்கு மின்னூட்டலாம், எதில் ஆள் ஏறியிருக்கிறார் என்ற உறுதிப்பாடு நின்றுபோகும். அது உயிர் சம்பந்தப்பட்ட விடயம். வானொலிக் கருவிகளும் அவற்றை வாரந்தோறும் பேசிப் பார்க்கும் பழக்கமும் இரண்டுமே வேண்டும்.

வெள்ளம் இன்னும் கடுமையான ஆசிரியர். களனியின் மட்டம் நகரத்துக் கால்வாய்களை விட உயர்ந்தால் மதகுகள் மூடப்படும். அதன்பின் நகரத்துக்குள் பெய்யும் மழை வெளியேற வடிகால் பம்பிகள்தான் வழி. அந்தப் பம்பிகளுக்கு மின்சாரம் மிக அவசியமாகும் அதே இரவில்தான் காற்றில் மரம் விழுந்து மின்வழி அறும், உபமின்நிலையத்துக்குள் நீர் புகும், பவுசர் வரும் வீதியும் மூழ்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு களனி பெருகியதைப் பார்த்த பிறகு, இவற்றைத் தனித்தனி அபாயங்களாகக் கணக்கிட்டு ஒவ்வொன்றும் நிகழும் வாய்ப்பு சிறிது என்று யாரும் எழுதக் கூடாது. களனியின் நீர்மட்டத்தைக் காட்டும் நாகலகம் வீதி அளவுமானி ஏறத் தொடங்கும்போதே வடிகால் பம்பி நிலையங்களின் டீசல் தாங்கிகள் நிரப்பப்பட வேண்டும். அந்த நீர்மட்டமே பவுசரை அனுப்பும் கட்டளையாக இருக்கட்டும், அதற்கென வேறொரு கூட்டம் வேண்டாம். மின்பலகைகளும் பற்றரிகளும் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளன என்பதைக் கடந்த வெள்ளத்தின் கறைக்கோட்டோடு ஒப்பிட்டு அளந்து எழுதுங்கள்.

வைத்தியசாலையைப் பற்றி ஓர் எண் மட்டும். ஒரு சிறுநீரகக் கழுவல் இயந்திரம் நிமிடத்துக்கு 500 மில்லிலீற்றர் வீதம் 4 மணிநேரத்துக்கு 120 லீற்றர் தூயநீர் கேட்கும். 20 இயந்திரம், நாளுக்கு மூன்று முறை என்றால் 7,200 லீற்றர். சுத்திகரிப்பில் பாதி கழிவாகப் போகும் என்றால் குழாயிலிருந்து 14,400 லீற்றர். அந்தப் பிரிவுக்கு மின்பிறப்பாக்கி 72 மணிநேரம் ஓடும், நிலத்தடித் தாங்கியில் இதற்கென ஒரு நாள் நீர்தான் உண்டு என்றால் தாங்குநேரம் 24 மணியே. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தொடர்மாடிகளுக்கும் இதே கணக்குத்தான். 40 வீடு, வீட்டுக்கு நால்வர், ஆளுக்கு 120 லீற்றர் என்றால் நாளுக்கு 19,200 லீற்றர். மொட்டைமாடியில் 10,000 லீற்றர் தாங்கி இருந்தால் ஏறக்குறைய அரை நாள். நிலத்தடியில் நீர் நிறைந்திருந்தும் ஏற்ற மின்சாரம் இல்லாததால் மேல்மாடியில் முதியவர்கள் குடத்தோடு படியேற வேண்டிவரும்.

நாங்கள் கேட்பவை இவை. கொழும்பு மாவட்டத்தின் ஒவ்வொரு நீரேற்று நிலையம், கழிவுநீர் நிலையம், வடிகால் பம்பி நிலையம், பெரிய வைத்தியசாலை, தொலைத்தொடர்புப் பரிமாற்ற நிலையம், எரிபொருள் களஞ்சியம் ஆகியவற்றுக்கும் ஒரு பக்கத் தாள். அதில் உள்ளே வரும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி: எங்கிருந்து வருகிறது, ஃபீடர் (உபமின்நிலையத்திலிருந்து வரும் விநியோக மின்வழி) அல்லது குழாய் இலக்கம், இரண்டாவது வழி உண்டா, அந்த இரண்டாவது வழி முதலாவதோடு ஒரே உபமின்நிலையத்தில், ஒரே பாலத்தில், ஒரே வீதிக் குழியில் சேர்கிறதா, நின்றால் தாங்குநேரம் எவ்வளவு, அதைக் கடைசியாக அளந்த திகதி என்ன. அளக்காத எண்ணுக்கு நேரே பூச்சியம் எழுத வேண்டும்.

மின்சாரப் பக்கத்தில் இரண்டு வேலை. அதிர்வெண் 50 ஹேர்ட்ஸிலிருந்து சரியும்போது தானாக வெட்டப்படும் ஃபீடர்களின் பட்டியலை இந்தத் தாள்களோடு ஒப்பிட்டு, நீரேற்றும் ஃபீடர் முதல் கட்டங்களில் சிக்கியிருந்தால் வெளியே எடுங்கள். சுழற்சி மின்வெட்டுப் பிரிவுகளிலும் அப்படியே. மீளமைக்கும்போது எல்லாப் பம்பிகளும் ஒரே நொடியில் கிளம்பினால் அந்தச் சுமையில் ஃபீடர் மறுபடி விழும். ஒவ்வொரு மோட்டாரின் தானியங்கித் தொடக்கத்துக்கும் 30, 60, 90 நொடி என்று இடைவெளி வையுங்கள். 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க இலங்கை மின்சாரச் சட்டத்தின் வழியே மின்சார சபையின் பணிகள் தனித்தனிக் கம்பனிகளுக்குப் போகின்றன. நேற்று வரை ஒரே சபைக்குள் தொலைபேசியில் முடிந்த விடயங்களுக்கு இனி எழுத்தில் உடன்படிக்கை தேவைப்படும். அந்த உடன்படிக்கைகளில் இந்தத் தாள் இணைப்பாகச் சேரட்டும். பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அதை உரிம நிபந்தனையாக்கலாம்.

எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் தொடங்கத் தேவையில்லை. வரும் தென்மேல் பருவமழைக்கு முன் மூன்று சங்கிலிகளை எடுங்கள்: அம்பத்தளையிலிருந்து தேசிய வைத்தியசாலை வரையான தண்ணீர், நகரத்து வடிகால் பம்பிகள், அவை இரண்டுக்கும் டீசல் தரும் வழி. ஒரு ஞாயிறு காலை 6 மணிக்கு, முன்னறிவித்தலோடு, வைத்தியர்களின் ஒப்புதலோடு, நோயாளியைத் தொடும் சுற்றுகளை விட்டுவிட்டு, மற்றப் பிரதான பிரேக்கர்களைத் திறந்து 10 மணி வரை பாருங்கள். எல்லா நிறுவனங்களின் பராமரிப்பு ஆட்களும் அன்று ஒரே இடத்தில் நிற்க வேண்டும். மேசையில் உட்கார்ந்து நடத்தும் ஒத்திகையில் 16 அம்பியர் பிரேக்கர் தென்படாது.

தாள்கள் தயாரானதும் கணினியில் மட்டும் வைத்துவிடாதீர்கள், அவை தேவைப்படும் நேரத்தில் வலையமைப்பு இராது. தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டு, ஈரம் புகாத உறையிலிட்டு, மின்பலகைக் கதவின் உட்புறத்தில் ஒட்டுங்கள். இரவு முறையில் தனியாக நிற்கும் ஊழியர் டோர்ச் வெளிச்சத்தில் வாசிக்கக்கூடிய அளவு எழுத்தில்.

இப்படிக்கு,
கொழும்பில் நீர், மின், தொலைத்தொடர்பு நிலையங்களின் இயக்கத்திலும் பராமரிப்பிலும் பணிபுரிவோர்